நூற்றுக்கு அஞ்சு: பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத கணக்கு



இம்மாதப் பாடம் கொஞ்சம் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் வேலை செய்கிற லேத் பட்டறையையும் பூட்டினார்கள். ஏப்ரல் மாதம் வாடகைக்கும் அரிசிக்கும் வழியில்லாமல், தெரிந்த ஒருவரிடம் 20,000 ரூபாய் கைமாற்று மாதிரி வாங்கினேன். வட்டி நூற்றுக்கு அஞ்சு. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிடுங்கள், முதலை வசதி வரும்போது கொடுக்கலாம் என்றார். அன்றைக்கு அவர் எனக்குத் தேவதூதன் மாதிரி தெரிந்தார். பட்டறை திறந்தது, வேலை வந்தது. நானும் மாதா மாதம் ஆயிரம் ரூபாயை ஒழுங்காகக் கொடுத்து வந்தேன். ஒரு மாதம் கூட தவறியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை கூட இருந்தது!

2023 மார்ச் மாதம் ஒரு ராத்திரி. ஏழாவது படிக்கிற என் மகள் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். சதவீதமும் தனிவட்டியும் என்கிற பாடம். முதல், வருடம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். புத்தகக் கணக்கெல்லாம் முடித்துவிட்டு, "நீங்களும் வட்டி குடுக்கறீங்கல்லப்பா? அதப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். சரி கண்ணு என்றேன். முதல் 20,000 போட்டாள். வருடம் 3 போட்டாள். வட்டி எவ்வளவு என்று கேட்டாள். "அஞ்சு" என்றேன். பெருக்கி, வகுத்து, "மூவாயிரம் ரூபா" என்றாள்.

"இல்ல கண்ணு, அது மாசத்துக்கு அஞ்சு."

பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அஞ்சை அடித்துவிட்டு 60 என்று எழுதினாள். விடை 36,000. "வாங்கினது இருவதாயிரம், வட்டியே முப்பத்தாறாயிரமாப்பா? அப்ப முதலு?" என்றாள். முதல் அப்படியே இருக்கிறது என்று என்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. "எங்க புஸ்தகத்துல அறுவது பர்சன்ட்னு ஒரு கணக்குக் கூட இல்லீங்ப்பா" என்று அவள் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

பிரியமானவர்களே, நான் டிப்ளமா முடித்தவன். மைக்ரோமீட்டர் பிடித்து நூலிழை கணக்கெல்லாம் பார்க்கிறவன். மூன்று வருடம் நான் போடாத கணக்கை ஒரு பிள்ளை மூன்று நிமிடத்தில் போட்டுவிட்டாள். அடுத்த வாரமே வீட்டுக்காரியின் செயினைக் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடனாக வைத்து அந்த இருபதாயிரத்தை அடைத்தேன். அங்கே ஒரு வருடத்துக்கு வாங்கிய வட்டி, இங்கே நான் மூன்று மாதத்தில் கொடுத்துக்கொண்டிருந்த அளவு கூட வரவில்லை. பத்து மாதத்தில் செயினையும் மீட்டாயிற்று.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் சனிக்கிழமை சாயங்காலம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பணக் கணக்கு சொல்லித்தர ஆரம்பித்தேன். அங்கே நடந்தவைகளில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வட்டி என்கிற பாஷை

பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை என்று குறை சொல்ல முடியாது. ஏழாவதில் தனிவட்டி இருக்கிறது, எட்டாவதில் வாழ்வியல் கணிதம் என்ற பாடத்தில் கூட்டுவட்டி இருக்கிறது. தேசிய நிதிக்கல்வி மையம் 6 முதல் 12-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தேர்வே நடத்தியிருக்கிறது. ரிசர்வ் வங்கி சிறு புத்தகங்கள் போட்டிருக்கிறது. கோளாறு எங்கேயென்றால், புத்தகம் வருடக் கணக்கில் பேசுகிறது, நம் தெரு மாதக் கணக்கில் பேசுகிறது. "ரெண்டு வட்டி" என்றால் ஏதோ ரெண்டு ரூபாய் சமாச்சாரம் மாதிரி கேட்கிறது. வருடத்துக்கு அது 24. "மூணு வட்டி" 36. "அஞ்சு வட்டி" 60. "பத்து வட்டி" 120. இந்த நாலு வரியைத்தான் முதல் சனிக்கிழமை கரும்பலகையில் எழுதினேன். பன்னிரண்டால் பெருக்கு, அவ்வளவுதான்! பத்தாவது படிக்கிற ஒரு பையன் எழுந்து, "அப்ப எங்கம்மா குடுக்கறது நூத்தியிருவதுங்களா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டு நினைவு வந்திருக்கும்.

தண்டல் கணக்கு இதைவிட மோசம். பத்தாயிரம் என்று பேசுவார்கள். கையில் தருவது 8,500. நாளைக்கு நூறு ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லையே! முதல் நாளிலிருந்தே நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. சராசரி பார்த்தால் பாதிப் பணத்துக்குத்தான் அந்த 1,500 வட்டி. வருடக் கணக்காக மாற்றினால் நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பு முழுக்க ஆயிற்று. எனக்கே இரண்டு தரம் தப்பியது.

தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மிரட்டுகிறவனைப் பார்த்து வீடே நடுங்கும்போது, போலீஸுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போக வழி உண்டு என்று சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டுமே.

சஞ்சாயிகாவும் சிறுவாடும்

என் வயதுக்காரர்களுக்கு சஞ்சாயிகா ஞாபகம் இருக்கும். 1970-ல் தேசிய சேமிப்புத் துறையார் பள்ளிகளில் கொண்டுவந்த சேமிப்புத் திட்டம். பிள்ளைகளே காசாளர், பிள்ளைகளே மேனேஜர். நாங்கள் வெள்ளிக்கிழமை நாலணா, எட்டணா கொண்டுபோவோம். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு அந்தப் பணம் எவ்வளவு சேர்ந்தது என்று ஞாபகமில்லை. ஆனால் பணத்தைக் கொடுத்தால் எழுதி வாங்க வேண்டும் என்று பழகினது அங்கேதான். (1924-ல் இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில் சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்த உலக சிக்கன நாளை நம் நாட்டில் அக்டோபர் 30-ல் வைத்துக் கட்டுரைப் போட்டியெல்லாம் நடத்துவார்கள். நானும் ஒரு தரம் எறும்பைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கினேன். எழுதினதோடு சரி!)

நம் வீடுகளில் அதற்கும் பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதுதான் சிறுவாடு. அரிசிப் பானைக்குள், சேலை மடிப்புக்குள், அமுச்சிமார் சேர்த்து வைத்த பணத்தில்தான் எத்தனையோ பேருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினது. ஒரே குறை, அது இரகசியம். இருபது ரூபாயை ஐந்நூறாக்கின வித்தையை அமுச்சி யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஆண்பிள்ளைகள் கண்ணில் படாமல் வைப்பதே அதன் பாதுகாப்பு என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பெண்பிள்ளைகளுக்காவது வாய்விட்டுச் சொல்லித்தந்திருக்கலாம்.

ஏனென்று சொல்கிறேன். நம் பக்கத்து நூல் மில்களில் ஒரு காலத்தில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று பேசப்பட்டது. வயசுப் பெண்ணை மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்க்க விடுங்கள், முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் வருவார்கள். வகுப்பில் ஒரு கணக்குக்காக 40,000 என்று வைத்துக்கொண்டோம். 36 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு ஆயிரத்து நூறு சொச்சம். அதுவும் அவள் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்த அவள் பணம்தான், மூன்று வருடம் வட்டியில்லாமல் அங்கே கிடக்கிறது. இடையில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தத் தொகைக்கு உத்தரவாதமில்லை. மொத்தப் பணம் என்ற வார்த்தையில் தகப்பன்மார் மயங்கினார்கள். ஒரு வகுத்தல் கணக்கு போட்டிருந்தால் மயங்கியிருக்க மாட்டார்கள்.

புளியங்கொட்டைச் சீட்டு

சீட்டு தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. ஆகையால் ஒரு சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை கொடுத்து ஏலச்சீட்டு நடத்தினோம். ஒரு சுற்று ஒரு மாதம். ஆளுக்குப் பத்துக் கொட்டை வைத்தால் மாதம் நூறு சேரும். முதல் மாதமே ஒரு பையன், "எனக்கு அவசரம்" என்று 30 தள்ளி 70-க்கு எடுத்தான். தள்ளின 30 பத்துப் பேருக்கும் மூன்று மூன்றாகப் பிரிந்தது. அடுத்தவனும் 30 தள்ளினான். பிறகு 20, 20, 10 என்று குறைந்து, கடைசி இரண்டு மாதம் தள்ளுவதற்கு ஆளில்லை.

பத்து மாதம் முடிந்து எண்ணிப் பார்த்தோம். முதலில் எடுத்தவன் கட்டினது 100, அவனுக்கு வந்தது பங்கெல்லாம் சேர்த்து 84. கடைசியில் எடுத்த பெண்பிள்ளைக்கு வந்தது 114. "அப்ப நான் ஏமாந்துட்டனுங்களா?" என்று கேட்டான். இல்லை கண்ணு, நீ 16 கொட்டை வட்டி கொடுத்தாய். அந்த 70 கொட்டையைக் கொண்டு காலேஜ் ஃபீஸ் கட்டியிருந்தால் நியாயம், செல்போன் வாங்கியிருந்தால் யோசிக்க வேண்டியதுதான் என்றேன். இன்னொரு பெண் கேட்டாள் பாருங்கள், அதுதான் கேள்வி: "எல்லாரு கொட்டையும் வெச்சிருக்கறவரு அஞ்சாவது மாசம் ஓடிப் போயிட்டா?"

அதற்குத்தான் 1982-ம் வருடத்துச் சிட்பண்டு சட்டம். சீட்டை முறையாகப் பதிவு செய்யாமல் நடத்தக்கூடாது. பதிவு எண்ணைக் கேட்டால் கோபிக்கிறவரிடம் சீட்டுப் போடக்கூடாது. சபைக்குள்ளேயும் சொல்கிறேன், "நம்ம சகோதரி தானே" என்று பத்து வருடமாக எழுத்தில்லாமல் நடக்கிற சீட்டு இருந்தால், அந்தச் சகோதரியின் பெயரைக் காப்பாற்றுவதற்காகவாவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஈமு கோழி போடாத முட்டை

இப்போது கொஞ்சம் வருத்தமான பாடம். கொங்கு நாட்டு ஜனங்கள் உழைப்பாளிகள், கெட்டிக்காரர்கள் என்று பெயர். பம்பும் கிரைண்டரும் பனியனும் செய்து உலகத்துக்கு அனுப்புகிறவர்கள். அப்படிப்பட்ட நம் மண்ணில்தான் இவ்வளவு மோசடியும் விளைந்தது.

பெருந்துறையில் சுசி ஈமு என்ற நிறுவனம் ஆரம்பித்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் 6 ஈமுக் குஞ்சு, கொட்டகை, தீவனம், அதற்குமேல் மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம் என்றார்கள். ஆண்டுக்கு போனஸ் தனி. இரண்டு வருடம் கழித்துக் கட்டின பணம் திரும்ப வரும் என்றும் சொன்னார்கள். டிவியில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விவசாயிகள் நிலத்தை அடகு வைத்துக் கட்டினார்கள். 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. தீனியில்லாமல் பறவைகள் சாக ஆரம்பித்து, கடைசியில் அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று.

இதைப் பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுத்தேன். மாதம் 6,000 என்றால் வருடம் 72,000. ஒன்றரை லட்சத்துக்கு அது நூற்றுக்கு 48. நான் அங்கேயே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகள் விடவில்லை. "ஆறு கோழிக்கு எழுவத்திரெண்டாயிரம்னா ஒரு கோழி வருசத்துக்குப் பன்னெண்டாயிரம் சம்பாரிக்கோணுமுங்க. தீனிச் செலவு போக! அது என்னத்த வித்து வரும்?" என்றான் ஒருவன். கறி, எண்ணெய், தோல் என்றார்கள் அவர்கள். நம் பக்கத்தில் எந்தக் கல்யாண விருந்தில் ஈமுக் கறி போட்டார்கள், யாராவது சொல்லுங்கள்! வாங்குகிற ஆள் இல்லாத சரக்குக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? அடுத்து வந்து கட்டினவருடைய ஒன்றரை லட்சத்திலிருந்துதான் வந்தது. புதிதாகக் கட்ட ஆள் குறைந்த அன்றைக்குக் கதை முடிந்தது.

அதற்கு முன்பே திருப்பூரில் பாசி என்கிற நிறுவனம். அன்னியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லிப் பணம் சேர்த்தார்கள். 2009-ல் வெளிச்சத்துக்கு வந்தபோது தொகை சுமார் 930 கோடி ரூபாய் என்றார்கள். கோவை தனி நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது 2022 ஆகஸ்டில். இடையில் 13 வருடம்! அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வைப்பீட்டாளர்களைக் காக்க 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகிறது.

ஈமு பழங்கதை என்று யாராவது நினைத்தால், 2024 ஜனவரியை ஞாபகப்படுத்துகிறேன். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன ஒரு செயலி நிறுவனத்தின்மேல் வழக்கு வந்தவுடன், அதற்கு ஆதரவாக நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பார்ப்பது அந்தக் கூட்டத்தை. பணம் போட்டவர்களே அரணாக நிற்கிறார்கள். ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் மச்சானை, சித்தியை, பக்கத்து வீட்டாரைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அது பொய் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சபைகளுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்ட திட்டங்கள் முகம் தெரியாதவன் மூலம் வருவதில்லை. கூட ஜெபிக்கிறவர் மூலம் வருகிறது. "கர்த்தர் வாசல் திறந்தார்" என்று சாட்சியாகக் கூட வருகிறது! ஆகையால் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். யார் வந்து சொன்னாலும், நானே வந்து சொன்னாலும் கேட்க வேண்டும்: "எனக்கு வர்ற பணம் யாருகிட்டருந்து வருதுங்க?" பாங்கியில் போட்டால் அதைக் கடன் வாங்கினவர் வட்டி கட்டுகிறார், அதிலிருந்து வருகிறது. பாங்கி விழுந்தாலும் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு என்று 2020 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லாத இடத்தில் பணத்தை வைக்கக் கூடாது.

கணக்குப் புத்தகம் பிள்ளை பெயரில்

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குங்கய்யா பாங்குக் கணக்கு?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லி, 2025 ஏப்ரலில் அதைப் புதுப்பித்தும் அறிவித்தது. எவ்வளவு வரை என்பதை அந்தந்த பாங்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் கடன் எடுக்க முடியாது, இருக்கிற பணத்தைத்தான் எடுக்கலாம். தபால் ஆபீசிலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் பெயரில் கணக்கு வைக்கலாம். மாதம் நூறு ரூபாயில் ஐந்து வருடத் தொடர் வைப்பும் ஆரம்பிக்கலாம். எட்டாவதில் ஆரம்பித்தால் காலேஜில் இருக்கும்போது கைக்கு வரும்.

இது ஏன் அவசரமென்றால், பணம் பிள்ளைகளைத் தேடி வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கினார்கள். இரண்டிலும் பணம் நேராகப் பிள்ளையின் கணக்குக்குப் போகிற ஏற்பாடு. நேற்று வரை பத்து ரூபாய்க்கு அம்மாவிடம் கை நீட்டின பிள்ளை, இன்றைக்குக் கணக்கும் கார்டும் வைத்திருக்கிறது.

அங்கேதான் ஓநாய் வருகிறது. "உன் அக்கவுண்ட ஒரு மாசத்துக்குக் குடு தம்பி, சும்மா கமிஷன் தரேன்" என்பான். எங்கேயோ ஒரு வயதானவரிடம் ஏமாற்றின பணம் பிள்ளையின் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் வந்து தட்டுவது கணக்குக்குச் சொந்தக்காரன் கதவை. பாஸ் புத்தகம், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு மூன்றையும் யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. செல்போனில் பணம் வருவதற்கு ரகசிய எண் கேட்காது, பணம் போவதற்குத்தான் கேட்கும். இதை நூறு தரம் சொன்னாலும் தகும். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

பதினெட்டாவது பிறந்த நாள்

18 வயது ஆகாதவர் போட்ட கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பதினெட்டு முடிகிற வரை யாரும் கடன் தர வருவதில்லை. முடிந்த மறுநாளே வந்துவிடுகிறார்கள்! ஆகையால் நமக்கு இருக்கிற காலம் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரைதான்.

பையன்களுக்கு முதல் ஆசை பைக். 60,000 கடன், "வெறும் பத்து பர்சன்ட், பிளாட்" என்பார்கள். மூன்று வருடத்துக்கு வட்டி 18,000. மொத்தம் 78,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 2,167. பிள்ளைகளிடம் கேட்டேன், இரண்டாவது வருடம் பாதி முதலைக் கட்டியிருப்பாயே, வட்டியும் பாதியாகக் குறைய வேண்டாமா என்று. குறைவதில்லை. அறுபதாயிரத்துக்கே கடைசி மாதம் வரை வட்டி. குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி போடுகிற முறையில் பார்த்தால் இது சுமார் 18 பர்சன்ட். பிளாட் என்ற வார்த்தையைக் கேட்டால் ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள் என்று எழுதிப் போட்டேன்.

அப்புறம் ஜாமீன். சிநேகிதனுக்காகக் கையெழுத்துப் போடுவது. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தில் பிணைப்பட்டவனுக்குச் சொல்லியிருக்கிற புத்தியை வாசித்துக்கொள்ளுங்கள், நான் விளக்க வேண்டியதில்லை. ஜாமீன் போட்டவர் சாட்சிக்காரர் அல்ல, கடன்காரர். இது தெரியாமல் நம் சபையில் மூன்று குடும்பங்கள் கஷ்டப்பட்டன.

சம்பளச் சீட்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும். பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்கோ பட்டறைக்கோ போகிற பிள்ளைகள் சனிக்கிழமை கையில் வருவதைத்தான் எண்ணுகிறார்கள். பி.எஃப். என்று 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும், இ.எஸ்.ஐ. பிடித்தால் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. "பிடிக்காதீங்க, கையில குடுத்துருங்க" என்று பிள்ளைகளே கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றவர்களுக்கு

உங்களில் சிலர், வீட்டுக் கடனைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அவர்கள் மனம் பாரமாகிவிடும், படிப்பில் கவனம் போய்விடும் என்கிறீர்கள். நானும் மூன்று வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். வாசலில் வண்டி நிற்கும்போது "அப்பா ஊர்ல இல்லீங்க" என்று சொல்லச் சொல்வது அவர்களிடம்தானே? கடன் இருப்பது தெரியும், எவ்வளவு என்றுதான் தெரியாது. எவ்வளவு என்று தெரியாத கடன்தான் ராத்திரியில் பெரிதாகத் தெரியும். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா பதினாலில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்கும்போது பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும்.

என் வீட்டில் இப்போது மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் நாலு பேரும் ஒரு நோட்டோடு உட்காருகிறோம். காணிக்கை, வாடகை, கரண்ட் பில், சீட்டு, பள்ளி வேன், மருந்து எல்லாம் மகள்தான் எழுதுகிறாள். போன மாதம் என் டீக்கடைச் செலவைத் தனியாக ஒரு வரியில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். 840 ரூபாய். நான் ஒன்றும் பேசவில்லை.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கடன் ரசீதோ, நகை அடகுச் சீட்டோ, பைக் கடன் அட்டையோ கொண்டுவரட்டும், பெயரை மறைத்துவிட்டு. பன்னிரண்டால் பெருக்குகிற கணக்கை அதில் போட்டுப் பார்ப்போம். கொண்டுவரக் கூச்சமாக இருக்கிறவர்களுக்கு என் பழைய கணக்கு இருக்கிறது, 20,000-க்கு 36,000. அதைப் போடலாம்.